கையடக்க டார்ச்சா, போன் லைட்டா? தென்னாப்பிரிக்காவில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்

வெளிச்சம்தேடி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். 2023-இல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது நம் எல்லார் வீட்டிலும் ரீசார்ஜ் பல்பு, சோலார் விளக்கு, வசதி இருந்தால் இன்வெர்ட்டர் என்று ஏதாவது ஒன்று தயாராக இருந்தது. 2024 மார்ச் கடைசியில் அது ஓய்ந்ததும் எல்லாம் பரணுக்குப் போய்விட்டது. 2025 ஜனவரி 31 அன்று திடீரென்று ஸ்டேஜ் 3 (மூன்றாம் நிலை மின்வெட்டு) என்று அரசு மின் நிறுவனமான எஸ்காம் அறிவித்த ராத்திரி, எங்கள் தெருவில் பாதிப் பேர் கையில் போன் வெளிச்சம் மட்டும்தான். லோட்ஷெடிங் இல்லாத நாளிலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

என் கருத்து இதுதான். சட்டைப்பையில் அடங்கும் டார்ச் ஒன்று தனியாக வேண்டும். இருட்டில் நமக்கு முதலில் தேவைப்படுவதே போன்தான். எந்த ஏரியாவுக்கு எப்போது கரண்ட் வரும் என்று எஸ்காம்செபுஷ் ஆப்பில் பார்க்க, கோளாறைப் புகார் சொல்ல, பிள்ளைகள் எங்கே என்று கேட்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதையே விளக்காகவும் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு வேலையும் அரைகுறை.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரீபெய்ட் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். ராத்திரி யூனிட் தீர்ந்து வீடே இருட்டு. போனில் டோக்கன் வாங்குகிறோம், 20 இலக்கம் எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. அதைப் படிக்கத் திரை நம் பக்கம் இருக்க வேண்டும். மீட்டர் கீபேடு தெரிய லைட் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். போனை இப்படியும் அப்படியும் திருப்பி, நாலு நாலு எண்ணாக மனதில் வைத்து அழுத்தினால் நடுவில் ஒன்று தப்பும், மறுபடி முதலிலிருந்து. 2024 நவம்பர் 24-க்குள் மீட்டரைப் புதுப்பிக்கச் சொன்னபோது இரண்டு 20 இலக்கக் குறியீடு போட்டுவிட்டு, அதற்கப்புறம் டோக்கனைப் போட வேண்டியிருந்தது. மொத்தம் 60 எண். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நான் போய் டார்ச் பிடித்துக் கொடுத்தேன்.

நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்? ஏன்?

மிட்ராண்ட்வாசி (மிட்ராண்ட்)

நான் எதிர்க்கட்சி. நான் வந்த புதிதில் நல்ல டார்ச் ஒன்று வாங்கினேன். அது டிராயரில் கிடக்கும், கரண்ட் போகும்போது சார்ஜ் இருக்காது. போன் அப்படி இல்லை. தினமும் சார்ஜ் போடுகிறோம், எப்போதும் கூடவே இருக்கிறது. கைக்கு எட்டாத நல்ல டார்ச்சைவிட கையில் இருக்கிற சுமாரான லைட் மேல்.

கணக்காகவும் பாருங்கள். இன்றைய போனில் 5000 எம்ஏஎச் பேட்டரி, அதாவது கிட்டத்தட்ட 19 வாட்-ஹவர் சக்தி. சாதாரண டார்ச்சில் போடும் 18650 என்கிற லித்தியம் செல் 3500 எம்ஏஎச் நல்லதாக இருந்தாலும் 12.6 வாட்-ஹவர்தான். சக்தி போனில்தான் அதிகம். வீட்டுக்குள் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் போய்வர போன் லைட்டின் 50 லூமென் வெளிச்சம் போதாதா? இன்னொரு கருவி, இன்னொரு சார்ஜர், இன்னொரு செலவு எதற்கு?

வெளிச்சம்தேடி

19 வாட்-ஹவர் என்பது முழு சார்ஜில் மட்டும்தானே சார். சாயந்தரம் ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும்போது உங்கள் போனில் எவ்வளவு மிச்சம்? கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். அடுத்தடுத்து கரண்ட் வெட்டினால் டவர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற நேரம் கிடைக்காது, அந்தப் பேட்டரியைத் திருடுவது வேறு. சிக்னல் இல்லாத இடத்தில் போன் சும்மா கிடந்தாலே டவரைத் தேடித் தேடிப் பேட்டரியைத் தின்னும். பல போன்களில் சார்ஜ் ரொம்பக் குறைந்தால் டார்ச்சே எரியாது. நமக்கு அதிகம் தேவைப்படுகிற நேரம் அதுதான்.

மின்வினைஞன் (வெருலம்)

நான் எலக்ட்ரீஷியன். வெருலம், டொங்காட், ஃபீனிக்ஸ் பக்கம் வேலை. வாடிக்கையாளர் வீட்டில் டிபி போர்டை (ஃபியூஸ், சுவிட்ச் இருக்கும் மின்பெட்டி) திறக்கும்போது அவர் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். நடுவில் யாராவது அழைப்பார்கள், கை ஆடும், வெளிச்சம் சுவருக்குப் போகும். நான் கை வைத்திருக்கும் இடம் இருட்டாகிவிடும். கரண்ட் ஓடுகிற வயருக்குப் பக்கத்தில் அது விளையாட்டு இல்லை. அதனால் எனக்குத் தலையில் ஒன்று, பையில் ஒன்று.

2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போய் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் எப்போது வரும் என்று தெரியாது, ராத்திரியிலும் வரும். இரண்டு கையிலும் பக்கெட். தெருவில் விளக்கில்லை, சேறு, மூடியில்லாத குழி. போனை எதில் பிடிப்பது? என் அண்ணன் மகன் போனை வாயில் கவ்விக்கொண்டு நடந்தான். அடுத்த வாரம் அவனுக்குத் தலையில் மாட்டும் டார்ச் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டிய வேலைக்குப் போன் சரிப்படாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிட்ராண்ட் சார் சொன்ன சார்ஜ் பிரச்சினை உண்மைதான். ஆனால் அது டார்ச்சின் குற்றம் இல்லை, செல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஆயாவின்_பேத்தி (இசிப்பிங்கோ)

என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். நாங்கள் இங்கேயே பல தலைமுறை, கோயில் வகுப்பில்தான் எழுதக் கற்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதர். கோடையில் ராத்திரி மொசாம்பிக் துப்பும் நாகம் வரும், இங்கே ம்ஃபேஸி என்பார்கள். இரவில் நடமாடும் பாம்பு. 2, 3 மீட்டர் தூரம் வரைக்கும் கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். வீட்டுக்குள்ளேயே வந்து தூங்குகிறவர்களைக் கடித்ததும் உண்டு. நாய் குரைக்கிறது என்று அம்மா போன் லைட்டோடு பின்கதவைத் திறப்பார். போன் வெளிச்சத்தில் பாம்பு தெரிகிற தூரமும் அது துப்புகிற தூரமும் ஏறக்குறைய ஒன்று. டார்ச் இருந்தால் கதவிலேயே நின்று வேலி வரைக்கும் பார்க்கலாம், பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடலாம். கூப்பிட போன் வேண்டுமே, அதுவும் கையில் சும்மா இருக்கும்.

மிட்ராண்ட்வாசி

தங்கச்சி, பாம்பு விஷயம் நியாயமான பாயின்ட். எங்கள் காம்ப்ளெக்ஸில் பாம்பு இல்லை என்பதால் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சில புதுப் போன்களில் லைட் நன்றாகவே பிரகாசமாக இருக்கிறது. லூமென் அதிகமானால் தூரமும் தெரியும்தானே?

மின்வினைஞன்

தெரியாது சார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லூமென் என்பது மொத்தம் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்ற கணக்கு. அது எவ்வளவு குவிந்து போகிறது என்பது கேண்டெலா. தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலாதான். டார்ச் பெட்டியில் போடுகிற தூரம் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுகோலின்படி: வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற தூரம், பௌர்ணமி நிலவு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு சுலபம். கேண்டெலாவின் வர்க்கமூலம், அதை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 2500 கேண்டெலா என்றால் 100 மீட்டர். 10,000 என்றால் 200 மீட்டர்.

போனில் இருப்பது கேமராவுக்கான ஃபிளாஷ். படம் முழுக்க ஒரே சீராக விழ வேண்டும் என்று வெளிச்சத்தை வேண்டுமென்றே பரப்பி விடுவார்கள். அந்த 50 லூமென் அகலமாகப் போனால் 30 கேண்டெலா தேறினால் பெரிது. சூத்திரத்தில் போட்டால் சுமார் 11 மீட்டர், அதுவும் மங்கலாக. லூமெனை இரண்டு மடங்காக்கினாலும் தூரம் ஒன்றரை மடங்குகூட ஆகாது. ஒரு சின்ன ரிஃப்ளெக்டர் இருக்கும் டார்ச் அதே 50 லூமெனை வைத்துக்கொண்டு பல மடங்கு தூரம் போகும்.

அந்தப் பெட்டியில் போடும் நேரத்தையும் நம்பிவிடாதீர்கள். எஃப்எல்1 படி எரியும் நேரம் என்பது ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் உள்ள நேரம். 1000 லூமென் என்று பெரிதாக எழுதியிருக்கும். சூடு தாங்காமல் ஓரிரு நிமிடத்தில் தானாகவே 300, 400-க்கு இறங்கிவிடும். வாங்கும்போது நடு மோடு எவ்வளவு, அது எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். தினமும் உபயோகப்படுவது அதுதான்.

மலைப்பாதை (ஹோவிக்)

டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கம் நடக்கப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சென்டினல் சிகரம் வழியாக ஆம்பிதியேட்டர் என்ற பாறைச்சுவரின் மேலே போகச் சங்கிலி ஏணி இருக்கிறது, போனவர்களுக்குத் தெரியும். இறங்கத் தாமதமாகி இருட்டிவிட்டால் அந்த ஏணியில் இரண்டு கையும் இரும்பில்தான் இருக்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே ஒரு படிகூட இறங்க முடியாது. ஜூலையில் மேலே உறைபனி. குளிரில் லித்தியம் அயான் பேட்டரி சோர்ந்துவிடும், 40 சதவீதம் காட்டிய போன் அப்படியே அணைந்துபோகும். அந்த 40 சதவீதம் உதவிக்கு அழைப்பதற்கு வேண்டியது. ஜிபிஎஸ் வரைபடமும் அதில்தான்.

ஆனால் தலை டார்ச் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். இதை யாரும் சொல்வதில்லை. நெற்றியில் இருக்கிற லைட் நம் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். தரை தட்டையாகத் தெரியும், பள்ளம் தெரியாது. அதே வெளிச்சத்தை இடுப்பளவில் கையில் பிடித்தால் ஒவ்வொரு கல்லும் நீள நிழல் விடும், எங்கே கால் வைக்கலாம் என்று தெளிவாகத் தெரியும். மூடுபனியிலும் அப்படித்தான். டிராகன்ஸ்பெர்க்கில் மதியம் ஏறுகிற பனி சாயந்தரம் வரை கலையாமல் நிற்பதுண்டு. நெற்றி லைட்டைப் போட்டால் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான். கழற்றித் தாழ்வாகப் பிடித்தால் பாதை தெரியும். அதனால் தலையில் ஒன்று, பையில் ஒன்று. பையில் இருப்பது சின்னதாக இருந்தால் போதும்.

நைட்டியூட்டி_அக்கா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நான் நர்ஸ். ராத்திரி ஷிஃப்டில் நோயாளியின் கண்மணி சுருங்குகிறதா என்று பார்க்க எங்களுக்குப் பேனா டார்ச் உண்டு. போன் ஃபிளாஷை யாராவது நோயாளி கண்ணில் அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் போன் எங்கெல்லாம் வைக்கப்பட்ட போன்! டார்ச்சை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. தூங்குகிறவர்கள் நடுவில் நடக்க 50 லூமென் ரொம்ப அதிகம். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், ஒரே ஒரு பளிச் வெளிச்சத்தில் அது வீணாகும். பல டார்ச்சுகளில் 1 லூமெனுக்கும் குறைவான மோடு இருக்கிறது, மூன்லைட் என்பார்கள். சார்ட் படிக்க அதுவே போதும். வீட்டிலும் குழந்தை எழாமல் பால் கலக்க நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். அந்த மோடில் நாள் கணக்கில் எரியும். போனிலும் வெளிச்சத்தைக் குறைக்கலாம்தான், ஆனால் என் போனில் கடைசி அளவுகூடக் கண்ணைக் குத்துகிறது.

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே? ஷிஃப்ட் முடிந்து இருட்டில் டாக்ஸி ரேங்க் (மினிபஸ் ஸ்டாண்ட்) வரைக்கும் நடக்கும்போது போனை நீட்டிக்கொண்டு போவது, என்னிடம் விலையுள்ள பொருள் இருக்கிறது என்று ஊருக்கே சொல்வது. டார்ச்சைப் பறிக்க யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் போகட்டும். போனில் என் பேங்க் ஆப், பிள்ளைகள் படம் எல்லாம் இருக்கிறது. பெண்கள் இதை யோசியுங்கள்.

மிட்ராண்ட்வாசி

அக்கா சொன்ன கடைசி விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஜோபர்க்கில் ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலை அப்படித்தான் சொல்வார்கள்) கார் நின்றால்கூட போனை மடிக்குக் கீழே மறைக்கிறோம். அப்புறம் தெருவில் அதையே விளக்காகப் பிடிப்பது எப்படி? வெளியே டார்ச், வீட்டுக்குள் போன் என்று என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். வீட்டுக்குள் இன்னும் போன்தான் போதும் என்பேன்.

புதுசா_வந்தவன் (டர்பன், மாணவன்)

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து படிக்க வந்திருக்கிறேன், வெஸ்ட்வில் பக்கம் அறை. பட்ஜெட் குறைவு. என்ன செல் போடுவது வாங்கலாம்? ஆன்லைனில் 9900 எம்ஏஎச் 18650 மலிவாகக் கிடைக்கிறது, அது நல்லதா? ஊரில் அப்பாவிடம் சொல்லி டார்ச்சும் செல்லும் வாங்கி, டிசம்பரில் போய் வரும்போது கொண்டு வரலாமா?

மின்வினைஞன்

தம்பி, 9900 என்று போட்டிருந்தால் தொடவே தொடாதே. 18650 என்பது அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் நல்ல கம்பெனிகள் அடைப்பதே 3500 சுற்றுவட்டாரம்தான். அதைவிட எக்கச்சக்கமாக எழுதியவன் பொய் சொல்கிறான். திறன் மட்டும் இல்லை, பாதுகாப்பிலும் பொய் இருக்கும்.

உனக்கு நான் சொல்வது ஏஏ, அதாவது பென்சில் பேட்டரி போடும் டார்ச். ஏன் தெரியுமா? எந்தப் பெட்ரோல் பங்க் கடையிலும், எந்த ஸ்பாஸாவிலும் (தெருமுனைச் சின்னக் கடை) கிடைக்கும். பத்து நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் செல் மாற்றினால் எரியும். சிலவற்றில் ஏஏ-யும் போடலாம், அதே அளவில் இருக்கும் 14500 லித்தியம் செல்லும் போடலாம். முதல் டார்ச்சுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இரண்டையும் ஏற்கும் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். 14500 முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஏஏ 1.5 வோல்ட். ஏஏ-க்கு மட்டும் செய்த டார்ச்சில் லித்தியம் போட்டால் உள்ளே எரிந்துபோகும்.

சாதாரண ஆல்கலைன் செல்லை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவிடாதே. கசிந்து வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். டர்பன் ஈரக்காற்றில் நான் திறந்து பார்த்த பழைய டார்ச்சுகளில் முக்கால்வாசி அப்படித்தான் செத்தது. எனலூப் மாதிரி, சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்காத நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ நாலு வாங்கிக்கொள். ஒரு வருடம் டிராயரில் கிடந்தாலும் பெரும்பாலான சார்ஜ் அப்படியே இருக்கும். மிட்ராண்ட் சாரின் டிராயர் பிரச்சினைக்கும் இதுதான் மருந்து. அவசரத்துக்கென்றே காரில் வைப்பதானால் ஒருமுறை உபயோகிக்கும் லித்தியம் ஏஏ. விலை கூடுதல், ஆனால் கசியாது, வெயிலும் குளிரும் தாங்கும்.

பையில் வைக்கும் முன் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடு. பெரும்பாலான நல்ல டார்ச்சுகளில் அதோடு மின்சுற்று துண்டிக்கப்படும். பைக்குள் தானாக எரிந்து சூடாகாது. லித்தியம் செல்லைத் தனியாகச் சில்லறை, சாவியோடு ஒரே பையில் போடாதே. ஷார்ட் ஆனால் தொடையில் தீக்காயம். சின்னப் பிளாஸ்டிக் பெட்டி விற்கிறார்கள், அதில் போடு.

மலைப்பாதை

விமானம் பற்றித் தம்பி கேட்டதற்கு: உபரி லித்தியம் செல் எதுவும் செக்இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான். முனைகள் ஒன்றோடு ஒன்று படாமல் மூடி வைக்க வேண்டும். 100 வாட்-ஹவருக்குள் பொதுவாக அனுமதி உண்டு, 18650 அதில் எட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் இங்கேயே வாங்கிவிடு. பழுது வந்தால் ஊருக்கா அனுப்புவாய்?

வெளிச்சம்தேடி

நீர் புகாமை பற்றியும் ஒரு வார்த்தை. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும், ஐபிஎக்ஸ்8 அதற்கும் மேல். இப்போது பல போன்களிலும் ஐபி68 வருகிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழையில் ஈரக் கையோடு திரையைத் தொட்டு லைட்டைப் போடப் பாருங்கள். விரல் எங்கோ, திறப்பது வேறெங்கோ. பட்டனுக்கு ஈரம் பற்றிக் கவலை இல்லை.

ஆயாவின்_பேத்தி

ஒரே ஒரு கேள்வி. எங்கள் ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, விரல்களில் வாதம். போன் லைட்டைத் தேடிப் போடத் தெரியாது. நான் வாங்கிக் கொடுத்த டார்ச்சில் ஐந்து மோடு, தவறி இரண்டு தடவை அழுத்தினால் மின்னி மின்னி எரிகிறது, பயந்துபோய் ஓரமாக வைத்துவிட்டார். ராத்திரி பாத்ரூம் போகத்தான் வேண்டும். என்ன வாங்கலாம்?

மின்வினைஞன்

பாப்பா, ஆயாவுக்கு மோடே இல்லாத டார்ச் பார். ஒரு பட்டன், போட்டால் எரியும், மறுபடி அழுத்தினால் அணையும், அவ்வளவுதான். பட்டன் பக்கவாட்டில், கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். பின்பக்க பட்டனை வாத விரலால் அழுத்துவது கஷ்டம். உடம்பு ரொம்ப மெல்லியதாக வேண்டாம், பிடிக்கத் தடிமன் வேண்டும். வெளிச்சம் நூறு லூமென் தாண்ட வேண்டாம், வெள்ளை டைல்ஸில் பட்டுத் திரும்பிக் கண் கூசும். நீலம் கலந்த வெள்ளையும் வேண்டாம், மஞ்சள் கலந்த வார்ம் வெள்ளை எடு. படுக்கைத் தலைமாட்டில் கொக்கி ஒன்று அடித்துக் கயிறு கட்டித் தொங்கவிடு, இருட்டில் கை போகும் இடத்திலேயே இருக்கட்டும். நடைபாதையில் ஆள் வந்தால் தானே எரிகிற பேட்டரி விளக்கு ஒன்றும் ஒட்டிவிடு.

சனிக்கிழமை இசிப்பிங்கோவில் ஒரு வேலை இருக்கிறது. என்னிடம் அப்படி இரண்டு வகை இருக்கிறது, எடுத்து வருகிறேன். ஆயாவே கையில் பிடித்து அழுத்திப் பார்த்துச் சொல்லட்டும், எது சுலபமோ அதை வாங்கலாம்.